சாவி யாரிடம்? - இணையதளம் கட்டிய கதை



போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு தொலைபேசி அழைப்புகள். இரண்டும் ஒரே ஊரிலிருந்து. வங்கியில் சேர்ந்ததும் முதன்முதலாக என்னைத் தூக்கிப் போட்ட மத்திய இந்திய ரயில்வே ஊர் அது. ஸ்டேஷனை ஒட்டி ரயில்வே காலனி, காலனிக்குள் நாற்பது ஐம்பது தமிழ்க் குடும்பங்கள், அவர்களுக்கு ஒரு சின்னத் தமிழர் சங்கம், சங்கத்துக்கு ஒரு பீரோ நிறையப் புத்தகங்கள். வெளிமாநிலத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த மாதிரி ஊரை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பேசியது எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண். "அங்கிள், எங்க தாத்தாகிட்ட பேசி நீங்க ஒரு பக்கம் எழுதி நெட்ல போட்டிருந்தீங்களாமே, அது இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார். தாத்தா 1956இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக அங்கே வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். சங்கமே அந்தத் திண்ணையில்தான் ஆரம்பித்தது. மூன்று ஞாயிறு அவருடன் உட்கார்ந்து பேசி, குறிப்பெடுத்து, 2004இல் சங்கத்தின் இணையதளத்தில் போட்டேன். இப்போது தாத்தா இல்லை. அவர் தன்னைப் பற்றிச் சொன்னதில் எழுத்தில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான் என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

இரண்டாவது அழைப்பு சங்கத்தின் இப்போதைய செயலாளர். புதிதாக இணையதளம் தொடங்கப் போகிறார்கள். கமிட்டியில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "வேர்ட்பிரஸ் போட்டுடலாம், யார் வேணும்னாலும் எழுதலாம்" என்கிறது. இன்னொரு கட்சி, "பத்து பக்கத்துக்கு எதுக்கு அதெல்லாம், எச்.டி.எம்.எல்.ல கையாலேயே எழுதிடலாம்" என்கிறது. "சார், நீங்கதான் பழைய ஆள், நீங்களே சொல்லுங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது, இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. பி.காம். படித்தவன் எழுதும் கணினி வரலாறு இது. பொட்டி தட்டும் நண்பர்கள் பொறுத்தருள்க.

ஜெனீவாவில் ஒரு டிரான்ஸ்ஃபர் தொல்லை

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிஸ்-பிரான்ஸ் எல்லையில் இருக்கிறது செர்ன் என்னும் அணு இயற்பியல் ஆய்வுக்கூடம். பல நாட்டு விஞ்ஞானிகள் வருவார்கள், இரண்டு வருஷம் வேலை செய்வார்கள், ஊருக்குத் திரும்பிப் போவார்கள். யார் எந்தக் கருவியை எப்படி அமைத்தார், எந்த நிரல் எதோடு சேர்ந்தது என்ற தகவல்களும் அவர்களோடு போய்விடும். புதிதாக வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

வங்கிக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேலாளர் மாறுவார். போகிறவருக்குத்தான் எந்தக் கடன்காரர் எந்தத் தேதியில் பணம் கட்டுவார் என்று தெரியும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அவருடைய மேலதிகாரி மைக் செண்டால், திட்டம் தெளிவாக இல்லை, ஆனால் உற்சாகமூட்டுகிறது என்ற பொருளில் அதன் மேல் குறிப்பெழுதி வைத்தார். நம் ஊர் மேலதிகாரியாக இருந்தால் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். 1990 முடிவதற்குள் முதல் உலாவியும் முதல் வழங்கியும் ஓட ஆரம்பித்துவிட்டன. 1993 ஏப்ரல் 30இல் செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது.

ஆக, வைய விரிவு வலை பிறந்ததே ஆள் மாறினாலும் தகவல் போகக்கூடாது என்பதற்காகத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி, படிக்க மட்டுமல்ல, எழுதவும் ஆனது. எச்.டி.எம்.எல். குறிகளை மனிதர்கள் கையால் அடிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அந்த வேலையை மென்பொருள் செய்யும், மனிதர்கள் சும்மா கட்டுரை அடிப்பதுபோல் அடிப்பார்கள் என்றுதான் நினைத்தார். மக்கள் குறிகளையே கற்றுக்கொண்டு எழுத ஆரம்பித்தது அவருக்கே வியப்பாக இருந்ததாம். கையால் எழுதுவதே ஆதி வழி, கருவியெல்லாம் பின்னால் வந்த சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் கவனிக்க.

நோட்பேடு காலம்

அப்படி எழுதக் காரணம் உண்டு. 1991இல் இருந்த குறிகள் மொத்தம் 18 மட்டுமே. தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று, இன்னொரு பக்கத்துக்குத் தாவ ஒன்று. ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு எந்தப் பக்கத்தையும் திறந்து அதன் மூலத்தைப் பார்க்கும் வசதி உலாவியிலேயே இருந்தது. அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்து நம் வீட்டு வாசலில் போடுவதுபோல, பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. நானும் அப்படித்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக்கொண்டே நோட்பேடில் எழுதிப் பழகினேன்.

எழுதியதை வைக்க இலவச இடமும் கிடைத்தது. 1994இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஜியோசிட்டீஸ் அதில் பெரியது. லட்சக்கணக்கானவர்கள் அங்கே சொந்தப் பக்கம் வைத்தார்கள். ஓடும் எழுத்துகள், மினுக்கும் நட்சத்திரங்கள், 'கட்டுமானத்தில் உள்ளது' என்று மண்வெட்டியோடு நிற்கும் ஆள் படம், எல்லாம் ஞாபகம் வருகிறதா? 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் அமெரிக்க ஜியோசிட்டீஸை மூடிவிட்டது. தன்னார்வலர்கள் சிலர் கடைசி மாதங்களில் ஓடியோடிப் பிரதி எடுத்தார்கள், அதனால் கொஞ்சம் தப்பியது.

பத்து பக்கம் இருக்கிறவரை கையெழுத்து சுகம்தான். நூறு பக்கம் ஆனால்? எல்லாப் பக்கத்தின் அடியிலும் சங்கத்தின் விலாசம் இருக்கிறது, சங்கம் வீடு மாறிவிட்டது என்று வையுங்கள். நூறு பக்கத்தையும் திறந்து நூறு முறை திருத்த வேண்டும். இதுதான் முதல் அடி. இரண்டாவது அடி, எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

பாஸ்புக்கும் பேரேடும்

இந்த இடத்தில்தான் சி.எம்.எஸ். எனப்படும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் வருகிறது. பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது.

கையால் எழுதிய பக்கம், கையால் எழுதிய பாஸ்புக் மாதிரி. எழுதியது எதுவோ அதுவே பக்கம். சி.எம்.எஸ்.ஸில் பக்கம் என்று ஒன்று கிடையாது. கட்டுரை, தேதி, எழுதியவர் பெயர் எல்லாம் தரவுத்தளத்தில் வரிசை வரிசையாகக் கிடக்கும். பக்கத்தின் தோற்றம் வேறு ஒரு வார்ப்புருவில் இருக்கும். நீங்கள் கேட்கும்போது மென்பொருள் இரண்டையும் சேர்த்து அந்த நிமிஷத்தில் ஒரு பக்கம் செய்து கொடுக்கும். பேரேடு உள்ளே கணினியில் இருக்கிறது, பாஸ்புக்கை நீட்டினால் அச்சடித்துத் தருகிறோம் அல்லவா, அதேதான். விலாசம் மாறினால் வார்ப்புருவில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பெரிய செய்தி நிறுவனங்கள் 1990களின் நடுவிலேயே இப்படிச் செய்துகொண்டன. அமெரிக்காவின் சிநெட் தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொண்ட மென்பொருளிலிருந்து வளர்ந்ததுதான் வின்யட் நிறுவனம் விற்ற ஸ்டோரிசர்வர். பெரிய கம்பெனிகளுக்கான சரக்கு, நம்மைப்போல் சாமானியர் கைக்கு எட்டாது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி., அதே வருஷம் வந்த மை.எஸ்.க்யூ.எல்., இந்த இரண்டும் காசில்லாமல் கிடைத்த பிறகுதான் அது எளியவர் கைக்கு வந்தது. லெர்டார்ஃப் அதை எழுத ஆரம்பித்த காரணம், இணையத்தில் போட்ட தன் பயோடேட்டாவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. நம்புங்கள்.

பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக விடுதியில் ட்ரீஸ் பைடார்ட் என்ற மாணவர், ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொண்ட நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிவிப்புப் பலகை செய்தார். சாப்பாட்டுக்கு எங்கே கூடுவது என்ற அளவில் செய்தி போட. படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்தபோது, தொடர்பு விட்டுப் போகக்கூடாது என்று அதை இணையத்தில் ஏற்றினார். டச்சு மொழியில் கிராமம் என்று பொருள்படும் 'டார்ப்' என்ற பெயரைத் தேடியவர், எழுத்து மாற்றி அடித்ததில் 'ட்ராப்' ஆகிவிட்டது. அந்தத் துளிதான் 2001 ஜனவரியில் ட்ருபால் என்ற பெயரில் வெளியானது. ஊர் விட்டு ஊர் போனவர்கள் சேர்ந்திருக்கப் பிறந்த மென்பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

2005இல் மாம்போ என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த குழு, அதன் உரிமை வைத்திருந்த நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் கூண்டோடு வெளியே வந்து ஜூம்லாவைத் தொடங்கியது. எல்லாரும் சேர்ந்து என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல். இங்கே இந்திக்காரர்கள் சொல்லும் 'ஜும்லா'வுக்கும் அதற்கும் அரபி ஒரே தாய்.

காணாமல் போனவர்

இனி வேர்ட்பிரஸ். இதன் பிறப்புக் கதையைத்தான் நான் கமிட்டிக்குச் சொல்ல நினைத்தேன்.

2001இல் மிஷேல் வால்ட்ரிகி என்ற பிரெஞ்சுக்காரர் பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். நிறையப் பேர் பயன்படுத்தினார்கள். பிறகு ஆளையே காணோம். மாதக்கணக்கில் திருத்தமும் இல்லை, பதிலும் இல்லை. அதை நம்பியிருந்தவர்களில் ஒருவர் மேட் முல்லன்வெக், அப்போது 19 வயது, அமெரிக்க மாணவர். 2003 ஜனவரியில் தன் பக்கத்தில் புலம்பினார். ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. பி2 ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தில் வந்தது. எழுதியவர் போய்விட்டாலும், யாரும் எடுத்துத் தொடரலாம். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், நானும் வருகிறேன் என்றார். 2003 மே 27இல் வேர்ட்பிரஸ் வெளியானது.

அதற்குப் போட்டியாக இருந்தது மூவபிள் டைப், 2001இல் வந்தது. தரத்தில் குறைவில்லை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் சொத்து. 2004 மே மாதம் மூன்றாம் பதிப்பு வந்தபோது கட்டண விதிகள் மாறின. பல வலைப்பதிவுகள் வைத்திருந்தவர்கள் திடீரென்று காசு கட்ட வேண்டிய நிலை. கோபித்துக்கொண்டு ஒரு கூட்டமே வேர்ட்பிரஸ் பக்கம் போனது. இன்று உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸில் ஓடுகின்றன என்பது கணக்கெடுப்பவர்கள் சொல்வது.

எழுதியவர் காணாமல் போனபோது சாவி வெளியே இருந்ததால் ஒன்று பிழைத்தது. சாவி ஒரே இடத்தில் இருந்ததால் இன்னொன்று தளர்ந்தது. தொழில்நுட்பம் இதில் இரண்டாம் பட்சம்.

ஏழு மணி நேரம்

சரி, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சி.எம்.எஸ். போட்டுவிடலாமா? இருங்கள்.

2014 அக்டோபர் 15. ட்ருபாலின் ஏழாம் பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்து, அதை அடைக்கும் திருத்தத்தையும் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29இல், ட்ருபால் பாதுகாப்புக் குழு இன்னொரு அறிவிப்பு தந்தது. முதல் அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத எல்லாத் தளங்களும் களவு போய்விட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று. ஏழு மணி நேரம்! சங்கச் செயலாளர் அந்த நேரத்தில் வண்டியில் விசில் ஊதிக்கொண்டிருப்பார். 2017 பிப்ரவரியில் வேர்ட்பிரஸின் 4.7 பதிப்பில் ஒரு ஓட்டை தெரிந்தபோதும், திருத்தம் போடாத ஏராளமான தளங்களின் பக்கங்களில் யார் யாரோ கிறுக்கிவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் 2013இலிருந்தே வேர்ட்பிரஸ் சின்னத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதியோடு வருகிறது. அதை நிறுத்தி வைத்தவர்களும், பழைய செருகிகளை அப்படியே விட்டவர்களும்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள்.

கையால் எழுதிய எச்.டி.எம்.எல். பக்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அது வெறும் கோப்பு. ஓடுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. செர்ன் 2013இல் தன் முதல் இணையதளத்தைப் பழைய விலாசத்திலேயே மறுபடி வைத்தது. 1992 காலத்துப் பிரதி அது. இன்றைய உலாவியில் ஒரு குறையுமில்லாமல் திறக்கிறது. 2003இல் அமைத்த ஒரு சி.எம்.எஸ். தளத்தை அப்படியே எடுத்து இன்று ஓட வைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். அதற்கேற்ற பழைய பி.எச்.பி., பழைய தரவுத்தளம் எல்லாம் தேட வேண்டும். சி.எம்.எஸ். என்பது மாடு மாதிரி. பால் கறக்கும், ஆனால் தினமும் தீனி போட வேண்டும்.

தமிழுக்கு இருந்த தனித் தொல்லை

நம் மொழிக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஒரு எழுத்துரு, இன்னொன்றுக்கு வேறு எழுத்துரு. இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள் சேர்ந்து டிஸ்கி என்ற பொதுத் தரத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் அரசு சார்பில் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. யூனிகோடில் தமிழ் 1991 முதலே உண்டு என்றாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அதைச் சாதாரணக் கணினியில் பார்க்க முடிந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்த நாங்கள் டிஸ்கியில் எழுதினோம்.

இந்தக் குழப்பம் நடந்த அதே காலத்தில், 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் முனைவர் கல்யாணசுந்தரம். மதுரைக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அவர் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். பெர்னர்ஸ்-லீ வைய விரிவு வலையை உருவாக்கிய ஜெனீவாவிலிருந்து ஏரிக்கரையோடு 60 கிலோமீட்டர் போனால் லோசான் வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமில்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, இன்னொருவர் பிழை பார்த்து அனுப்ப, அவை எளிய எச்.டி.எம்.எல். பக்கங்களாகவும் பி.டி.எஃப். கோப்புகளாகவும் ஏறின. முதலில் டிஸ்கியில். பிறகு யூனிகோடு நிலைத்ததும் அதற்கு மாற்றினார்கள். 500க்கும் மேற்பட்ட நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. அலங்காரம் எதுவுமில்லை. எளிய எழுத்துக் கோப்பாக இருந்ததால் குறியேற்றம் மாறியபோது மாற்றிக்கொள்ள முடிந்தது.

ஆனால் இதிலும் கவனியுங்கள். எளிய கோப்பு மட்டும் காப்பாற்றவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்ட ஆட்கள் காப்பாற்றினார்கள்.

எங்கள் சங்கத்தின் கதை

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். கொசுவர்த்திச் சுருள் ஓடட்டும்.

2004இல் நான் எழுதியது மொத்தம் 11 பக்கம். எல்லாம் நோட்பேடில், டிஸ்கியில். பெருமையாக இருந்தது. ஆனால் பொங்கல் விழா நேரம் மாறினால்கூடச் செயலாளர் வங்கிக்கு போன் போடுவார். கவுன்டரில் க்யூ நிற்கும், நான் ராத்திரி திருத்துகிறேன் என்பேன். 2007இல் மாற்றலாகி வந்துவிட்டேன். கிளையில் சார்ஜ் ஒப்படைக்கும்போது பெட்டகச் சாவி, நகைக்கடன் பை, முத்திரை என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இணையதளத்தின் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று வருஷம் அந்த முகப்பில், 'வரும் ஞாயிறு பொங்கல் விழா, அனைவரும் வருக' என்றே இருந்தது.

2010இல் அங்கிருந்த இளைஞர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கடவுச்சொல்லை வாங்கி, ஒரு சி.எம்.எஸ்.ஸில் புதுத் தளம் கட்டினார்கள். பழைய பக்கங்கள் அவர்கள் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. புதுத் தளம் உயிரோடு இருந்தது. குழந்தைகள் வரைந்த படம், கொலு, பெண்கள் எழுதிய சமையல் குறிப்பு, நூலகப் பட்டியல் எல்லாம் ஐந்து வருஷம் சேர்ந்தன. நான் கட்டியதில் என் ஒருவன் கைதான் இருந்தது, அதில் இருபது முப்பது பேர் கை இருந்தது.

பிறகு கட்டியவரும் வேலை மாறிப் போனார். திருத்தம் போட ஆளில்லை. 2015இல் ஒருநாள் தளத்தைத் திறந்தால் ஏதோ மாத்திரை விளம்பரம். இடம் கொடுத்தவர்கள் தளத்தை நிறுத்திவிட்டார்கள். பிரதி எடுத்து வைத்திருந்தது அதே வழங்கியில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினேன், நாலைந்து பக்கம் அகப்பட்டது. ஐந்து வருஷப் படங்கள் போனது போனதுதான்.

தாத்தாவின் பக்கம்? மாற்றலாகி வரும்போது அந்த 11 பக்கத்தையும் ஒரு சி.டி.யில் எழுதி, பழைய பாஸ்புக்குகளோடு பெட்டியில் போட்டிருந்தேன். திட்டமிட்டு அல்ல, தற்செயல்தான். தங்கமணி இரண்டு வீடு மாறும்போதும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார், சோம்பேறித்தனத்தால் போடவில்லை :-) இப்போதைய மடிக்கணினியில் சி.டி. போட இடமே இல்லை. அலுவலக நண்பரிடம் ஒரு வெளி டிரைவ் கடன் வாங்கி வந்து திறந்தேன். திறந்தது. ஐரோப்பிய எழுத்துகளும் காசுக் குறிகளுமாக ஒரே கலவை. டிஸ்கியை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு மாற்றியில் போட்டேன். ஒரே நொடியில் தாத்தா பேச ஆரம்பித்தார். சிலேட்டு வாங்கித் தர வசதியில்லாத பிள்ளைகளுக்கு, உபயோகித்து முடித்த பார்சல் சீட்டுகளின் பின்பக்கத்தில் அ, ஆ எழுதிக் கொடுத்ததைப் பற்றிய பத்தி அது. எனக்கே மறந்து போயிருந்தது.

கமிட்டிக்கு நான் எழுதிய பதில்

கை எழுத்தா, சி.எம்.எஸ்.ஸா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு யார் பார்ப்பார் என்பது. என் தளம் நின்றது, ஆனால் நடக்கவில்லை. அவர்கள் தளம் நடந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டிலும் தவறியது சார்ஜ் ஒப்படைப்பு. ஆகவே இப்படிச் செய்யுங்கள் என்றேன்.

ஒன்று, மாறாதவற்றைப் பிரித்து வையுங்கள். சங்கத்தின் வரலாறு, பெரியவர்களின் நினைவுகள், மலர்களில் வந்த கட்டுரைகள். இவற்றை எளிய எச்.டி.எம்.எல். பக்கங்களாக யூனிகோடில் எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து பக்கம்தான், கையாலேயே எழுதலாம். பக்கம் பெருகினால் 2008இல் வந்த ஜெகில் போன்ற கருவிகள் உண்டு. எழுதியதை வார்ப்புருவோடு சேர்த்து வெறும் கோப்புகளாகவே செய்து கொடுக்கும்.

இரண்டு, அடிக்கடி மாறுவதற்கு வேர்ட்பிரஸ் போடுங்கள். விழா அறிவிப்பு, படங்கள், பிள்ளைகள் எழுதியவை. எல்லாரும் எழுத வேண்டியதை ஒருவர் கையில் கொடுத்தால் நான் செய்த தவறுதான் நடக்கும். தானியங்கித் திருத்தத்தை நிறுத்தாதீர்கள். செருகிகள் மிகக் குறைவாக வையுங்கள். மாதம் ஒருமுறை பிரதியை இறக்கி வீட்டில் வையுங்கள், அதே வழங்கியில் அல்ல.

மூன்று, இதுதான் முக்கியம். வங்கியில் பெட்டகத்தை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது, இரண்டு பேர் சாவி வேண்டும். மாற்றுச் சாவி வேறு கிளையில் இருக்கும். அதேபோல் தளப் பெயரைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள், தனி ஆள் பெயரில் வேண்டாம். கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் செயலாளர் ஒன்று, பொருளாளர் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வருஷமும் புதுக் கமிட்டி பொறுப்பேற்கும் கூட்டத்தில், கணக்குப் புத்தகம், பீரோச் சாவியோடு இந்த உறையையும் கொடுத்து, மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

செயலாளர் படித்துவிட்டு, "சார், நீங்க சொன்னதுல பாதி கம்ப்யூட்டரே இல்லையே" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தப் பெண்ணிடம், புதுத் தளம் வந்ததும் தாத்தாவின் பக்கத்துக்கு லிங்க் அனுப்புகிறேன் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "லிங்க் அப்புறம் அனுப்புங்க அங்கிள். இப்போ ஃபைலையே அனுப்பிடுங்க. அம்மா, சித்தி, மாமா எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு கொடுத்துடறேன்."

அனுப்பிவிட்டேன்.

பி.கு.: உங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு பழைய தளம் இருந்திருக்கும். அதைக் கட்டியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம்.